ஆறு துளைக்கும் ஆறு பொட்டு

பெரியப்பா வீட்டு பீரோவில் பெரியம்மாவின் நகைகளுக்கு ஒரு பூட்டு. பெரியப்பாவின் துப்பாக்கிக்கு இரண்டு பூட்டு. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில் இருந்தன, அதற்குத் தனியாக ஒன்று. "இந்த வூட்ல எது ஒசத்தின்னு திருடனுக்குக்கூட யாரும் சொல்ல வேணாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெரியம்மா சொல்லிக் காட்டுவார். பெரியப்பா அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். மிலிட்டரியில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, நெய்வேலிக்கு வந்து மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து பர்மனென்ட் ஆனவர். அப்பாவுக்கும் மைன்ஸில்தான் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் பெரியப்பா குவார்ட்டர்ஸுக்கும் நடுவே இரண்டு தெரு. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் எனக்கு இரண்டு வீட்டிலும் செல்வாக்கு; இரண்டு வீட்டிலும் சாப்பாடு.

துப்பாக்கி என்று சொன்னால் பெரியப்பாவுக்குப் பிடிக்காது. "ரிவால்வர்னு சொல்லு" என்பார். லைசென்ஸ் வாங்கி, கடலூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழைய சரக்காகப் பார்த்து வாங்கியது. வெள்ளைக்காரன் காலத்து வேலைப்பாடு. நீளக் குழல், மரப் பிடி, பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். அதன் மகிமை அது மடிவதில் இருந்தது. பக்கவாட்டில் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினால், குழல் நடுவில் மடிந்து தலைகுனியும். ஆறு துளை உள்ள உருளை முகத்தைக் காட்டும். அப்போதே அதன் நடுவிலிருந்து ஒரு நட்சத்திரம் எழும்பி, வெடித்து முடிந்த வெற்றுத் தோட்டாக்கள் ஆறையும் ஒரே தள்ளலில் வெளியே தள்ளும். நிமிர்த்தி மூடினால் 'மடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் வரும்.

கூட்டத்துக்குத் தலைவர் பேங்க் மாமா. பேங்கில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வாசலில் நிற்பவர், அவரும் முன்னாள் மிலிட்டரி. ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவார். இங்கே கண்ணை மூடிக் கேட்பதில் அவருக்குக் கொஞ்சமும் பக்தி குறைவில்லை. எங்கள் பிளாக்கில் இருந்த இளம் இஞ்சினியர் ஒருவரும் வருவார். அவர் புதுமாதிரிப் பிஸ்டல்களின் படங்களைப் புத்தகத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து, பதினைந்து தோட்டா போடலாம், எடை குறைவு என்றெல்லாம் அடுக்குவார். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, ஒரு தோட்டா வெடிக்கலன்னு வெச்சிக்க. இதுல இன்னொரு வாட்டி இழுத்தா அடுத்தது வந்து நிக்கும். உன்னுது சிக்கிக்கினா, நீ சரிபண்ற வரைக்கும் எதிராளி பாத்துக்கினு நிப்பானா?" என்பார். இஞ்சினியர் சிரித்துவிட்டுப் படத்தை மடித்து வைத்துக்கொள்வார். பிறகு அவரே கையை நீட்டி, "ஒரு தடவை மடக்கிப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்பார்.

இந்தப் பெருமை முழுவதையும் நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் செலவழித்தேன். என் வகுப்பில் அப்பாவின் ஜீப்பைச் சொல்லி அலட்டும் பெண்கள் இருந்தார்கள். நான் பெரியப்பாவின் ரிவால்வரைச் சொல்வேன். அதற்கு மேல் சொல்ல யாரிடமும் ஒன்றும் இருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஐந்தாவது படித்த வருடத்து ஆயுத பூஜை அது. நெய்வேலியில் தீபாவளியைவிட ஆயுத பூஜைக்குத்தான் மவுசு அதிகம். அன்றைக்குத்தான் மைன்ஸுக்குள் குடும்பத்தோடு போக விடுவார்கள். அப்பா சைக்கிளில் போய் வந்த இடத்துக்கு நாங்கள் பஸ்ஸில், பட்டுப்பாவாடையோடு போனோம். கீழே அதலபாதாளம். அங்கே நின்றிருந்த பக்கெட் வீல் எந்திரம் எங்கள் பிளாக்கின் வாட்டர் டேங்கைவிட உயரம். அதன் ராட்சதச் சக்கரத்தைச் சுற்றிலும் மண்ணை வாரும் பக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் நான் படுத்துத் தூங்கலாம். யாரோ புண்ணியவான் மேலே ஏறி, ஒரு பக்கெட்டையும் விடாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். நான் கழுத்து வலிக்க எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பூஜை என்றால் இப்படியல்லவா செய்ய வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மத்தியானம் பெரியப்பா வீட்டில் பூஜை. பொட்டு வைப்பது என்னுடைய பதவி. சைக்கிள், மிக்ஸி, தையல் மெஷின், ஸ்பேனர்கள், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தேன். ரிவால்வரை மட்டும் பெரியப்பா தொடவிடவில்லை. அதில் தோட்டா இல்லை என்று மூன்று முறை மடக்கிப் பார்த்துவிட்டு, மரப் பிடியில் கடுகளவு ஒரு பொட்டு வைத்து, உள் அறையில் சிவப்புத் துணிமேல் கிடத்தினார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்பேனருக்குக் கிடைத்த மரியாதைகூட ரிவால்வருக்குக் கிடைக்கவில்லையே!

அப்போதுதான் வாசலில் கார் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ணா, ஊர்லேர்ந்து பெரிய வூட்டுக்காரரு வந்துக்கினு இருக்காருணா" என்றார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் பெரிய வீடு என்றால் ஒரே வீடுதான். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அவர்கள் நிலத்தில் கூலிக்கு உழைத்தது. இது எனக்கு அப்போது தெரியும்; ஆனால் பழைய பாடப்புத்தகத்தில் படித்த விஷயம்போலத் தெரியும். பெரியப்பா வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு அப்பாவோடு வெளியே போனார். ரிவால்வரை வெளியே வைத்துவிட்டு அவர் அந்தப் பக்கம் நகர்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும். இரண்டு கட்டைவிரலாலும் நெம்புகோலைத் தள்ளினேன். குழல் தலைகுனிந்தது. காலையில் பார்த்த சக்கரம்தான், சிறிதாக என் கையில்! சுற்றிலும் ஆறு துளை. ஒன்றையும் விடாமல் சந்தனத்தைக் குழைத்து அடைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் வைத்தேன். மூடியபோது 'மடக்' சத்தம் வரவில்லை. 'சதக்' என்றது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தங்க வாட்ச். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே பெரியப்பா உட்கார்ந்தார். பேங்க் மாமா பொரிக் கிண்ணத்தோடு ஸ்டூலில் ஏற்கெனவே இருந்தார். அப்பா மட்டும் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர் பெரியப்பாவை 'நீங்க' என்றும் சொல்லவில்லை, 'நீ' என்றும் சொல்லவில்லை. யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசிக்கொண்டிருந்தார்.

"கடலூர் கடையில விசாரிச்சேன். இங்க இருக்கறதா சொன்னாங்க. எங்க தாத்தா வெச்சிருந்த ரிவால்வர். எங்கப்பா அருமை தெரியாம கடையில போட்டுட்டாரு. ஒரு தடவை பாக்கலாமா?"

கேட்கும்போது அவர் குரல் இஞ்சினியரின் குரல் மாதிரியே இருந்தது. ஆசை என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே குரல்தான்போல. பெரியப்பா எழுந்து ரிவால்வரை எடுத்து வந்து, வழக்கமான கம்பீரத்தோடு எல்லார் முன்னாலும் மடக்கினார்.

ஆறு குங்குமப் பொட்டும் அனைவரையும் பார்த்தன.

பேங்க் மாமாவின் வாய்க்குப் போன பொரி பாதியில் நின்றது. நான் செய்தது பூஜை அல்ல, விபரீதம் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வந்தவர் பதறிப்போய்க் கைக்குட்டையை உருவினார். "ஐயையோ, சந்தனமா? ஈரம் பட்டா ஸ்டீல் துரு ஏறிடுமே! இந்த மாதிரி பீஸ் இனிமே கிடைக்காது. இதை இப்படியா வெச்சிக்கிறது?"

அங்கிருந்து அவர் பேச்சு சூடு பிடித்தது. தன்னிடம் வெளிநாட்டுப் புதுப் பிஸ்டல் இருக்கிறது, எத்தனை இருந்தும் தாத்தா மடக்குகிற அந்தச் சத்தம்தான் காதில் நிற்கிறது, இதைக் கொடுத்துவிட்டால் அந்தப் பிஸ்டலையே பதிலுக்குத் தருகிறேன், லைசென்ஸ் விஷயமெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். "தெரிஞ்சவங்க கையில இருந்தாத்தானே பொருள் பொருளா இருக்கும்?" என்று முடித்தபோது, கண் அந்த ஆறு பொட்டுகளின் மேலேயே இருந்தது. என்னால் ரிவால்வர் போகப்போகிறது என்று எனக்கு அழுகை முட்டியது. லீவு முடிந்து பள்ளிக்கூடத்தில் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்?

பெரியப்பா ரிவால்வரை மடியில் வைத்துக்கொண்டார். "கைக்குட்டைய உள்ள வெச்சிக்கோங்க. எங்க வூட்டுப் பொண்ணு வெச்ச பொட்டு. பூசை முடிஞ்சதும் நானே தொடச்சி எண்ணெ போட்டுக்கிறேன். ஒண்ணும் ஆவாது. துப்பாக்கியெல்லாம் தொடச்சிச் சோறு தின்னவன் நான்."

பிறகு திரும்பி, "உக்காருடா" என்றார் அப்பாவிடம்.

"இருக்கட்டும்ணா."

"உங்க தாத்தா கையில இருந்தப்பத்தாங்க நான் இத மொதமொதல்ல பாத்தது" என்றார் பெரியப்பா வந்தவரிடம். "களத்துல நெல்லு அளக்கறப்ப இத மடியில வெச்சிக்கினு மடக்கி மடக்கி மூடுவாரு. எனக்கும் அந்தச் சத்தந்தாங்க காதுல நின்னுது. அதனாலதான் தேடி வாங்கினேன். பாக்கணும்னு தோணினா எப்ப வேணா வாங்க. ஞாயித்துக்கெழம இவங்கெல்லாம் வருவாங்க, சேந்து பாக்கலாம். குடுக்கறதுக்கு மட்டும் இல்லீங்க."

சத்தமாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. ரிவால்வரின் எடையைச் சொல்வதுபோலச் சொன்னார். பேங்க் மாமா தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெரியம்மா டீ கொண்டுவந்து வந்தவர் முன்னால் வைத்தார். அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பெரியப்பா அதைப் பார்த்தார், பெரியம்மா சமையலறைக் கதவிலிருந்து பார்த்தார், அப்பாவும் அதையேதான் பார்த்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார்களோ என்று நான் நினைத்தேன். ஆவி அடங்கிய பிறகு வந்தவர் டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டு, "இன்னொரு தடவை மடக்கிக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். பெரியப்பா ரிவால்வரை அவர் கையிலேயே கொடுத்தார். அவர் சந்தனத்தில் விரல் படாமல், தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மனிதருக்கு அதன்மேல் நிஜமாகவே பிரியம் இருந்தது. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அந்தப் பெரிய வீட்டு வாசலில் எங்கள் ஆட்கள் யாரும் உட்கார்ந்ததில்லை என்பதை அப்பா எனக்கு வெகுகாலம் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகுதான் சொன்னார். நெல் அளக்கும் நாளில் அண்ணனும் தம்பியும் காலையிலிருந்து இருட்டும்வரை தங்கள் அப்பாவின் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அந்த வீட்டார் எங்கள் வீடுகளில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அளவு குறைகிறதே என்று யாராவது வாயெடுத்தால், மடியில் இருப்பது 'மடக்' என்று மூடிக்கொள்ளும். அவ்வளவுதான், யாரையும் சுட்டதில்லை, சுட வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்து அப்பா தன் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொள்வாராம். பக்கத்தில் நின்ற பெரியப்பா மட்டும் அது எப்படி மடிகிறது, எது எதைத் தள்ளுகிறது என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது.

அன்றைக்கு இது ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கால் வலிப்பதும், ரிவால்வர் போகவில்லை என்பதும்தான். காலையிலிருந்து மைன்ஸில் நடந்த நடை வேறு. வந்தவருக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட நாற்காலி ஒன்று காலியாகவே கிடந்தது. பெரியப்பா உட்காரச் சொல்லியும் அப்பா உட்காராத நாற்காலி அது. ஏன் வீணாக இருக்க வேண்டும் என்று, பேங்க் மாமாவின் பொரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை. ஆட்டிக்கொண்டே தின்றேன். பாவாடை அவர் வேட்டியில் உரசியது. நான் கிண்ணத்தை நீட்டி, "பொரி வேணுமா?" என்று அவரைக் கேட்டேன்.

கதவோரம் அப்பாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. பெரியப்பா என்னைப் பார்த்தார். வீடே அதிரும்படி வாய்விட்டுச் சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தனத்தை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.