கொசு இல்லாத ஊரின் லாட்ஜ்

மலைமேல் இருந்த அந்த லாட்ஜில் பதினேழு அறைகள். அத்தனைக்கும் படுக்கை விரிப்பவள் ஒருத்திதான். சமையல்காரர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் சித்தி. வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். அந்தக் காலத்தில் குளிர் எலும்பைக் குடையும். கொசு என்ற பேச்சே கிடையாது. சில வருஷங்களாகத்தான் வெயில் நாளில் ஒன்றிரண்டு தலைகாட்டின. இந்த வருஷம் மழைக்கு முன்பே குடும்பத்தோடு வந்துவிட்டன.

காலையில் விரிப்பை உருவும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். வெள்ளைத் துணியில் கடுகு கடுகாக இரத்தப் பொட்டு, சுவரில் செருப்புத் தடம்.

"வந்தவங்க யாரும் தூங்கலை ஐயா. ஜன்னலுக்கு வலை அடிச்சுடலாமா?" என்று முதலாளியிடம் கேட்டாள்.

"வலை அடிச்சா கொசு இருக்குன்னு நாமே போர்டு மாட்டின மாதிரி ஆயிடும்," என்றார் அவர். "குளிர் ஊர்ல கொசு ஏது சித்தி? கீழேயிருந்து வர்றவங்க பெட்டியிலயே கொண்டு வந்துடறாங்க."

எதிர்த்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் பொட்டு விழுந்த விரிப்புகளை மூன்று நாள் தனியே போட்டுப் பார்த்தாள். மூன்று நாளும் கீழ்த்தளத்துப் பின்பக்க அறைகளிலிருந்தே வந்தன. மாடியில் ஒன்றுகூட இல்லை.

மதியம் பின்பக்கம் போனாள். பாய்லர் அறையை ஒட்டி, யாரும் தொடாத பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. பாய்லர் குழாயின் மூட்டு கசிந்து சொட்டுச் சொட்டாக அதில் விழுந்துகொண்டிருந்தது. கையை விட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே புழுக்கள் நெளிந்தன. குளிரில் நடுங்க வேண்டிய கொசுவுக்கு முதலாளி வெந்நீர் வசதியோடு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்.

குழாய் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"ஓனரைக் கேட்காம கை வெச்சா என் மேல பாய்வாரே சித்தி."

"மூட்டை மட்டும் இறுக்கிட்டுப் போ. தொட்டியை நான் பார்த்துக்கறேன்."

அவன் இறுக்கிவிட்டுப் போனான். வாளி வாளியாக மொண்டு சரிவில் கொட்டினாள். தொட்டியைக் காலி செய்து, மணல் நிரப்பி முடிக்க இரண்டு மதியம் ஆயிற்று. மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாள் ஸ்டோர் ரூமிலிருந்து பழைய மெல்லிய திரைகளை எடுத்து, பின்பக்க ஜன்னல் சட்டங்களில் இடைவெளி இல்லாமல் ஆணி அடித்தாள்.

அடுத்த நாள் காலை முதலாளி பார்த்துவிட்டார். "இது என்ன?"

"திரைதான் ஐயா. கொஞ்சம் இறுக்கமா அடிச்சுட்டேன்."

ஒரு வாரமாகக் கீழே பின்பக்க ஏழாம் அறையில் தங்கியிருந்த சர்வேயர் அப்போது சாவி கொடுக்க வந்தார். "நேத்து ராத்திரிதான் நிம்மதியா தூங்கினேன்," என்றார்.

"இந்த ஊர்க் காத்து அப்படி சார்," என்றார் முதலாளி. திரையைக் கழற்றச் சொல்லவில்லை.

கொசு அடியோடு போய்விடவில்லை. அந்தி சாய்ந்ததும் ஒன்றிரண்டு எங்கிருந்தோ வந்தன. அவள் மணிக்கட்டு வலியும் போவேனா என்றது. மாதக் கடைசியில் முதலாளியே புதுத் துணி வாங்கிவந்து மாடி அறைகளுக்கும் அடிக்கச் சொன்னார். அங்கே கொசு வந்ததே இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. மிஞ்சிய துணியை, அவரிடம் கேட்டுவிட்டே, தன் வீட்டு ஜன்னலுக்கு எடுத்துப்போனாள்.