சுவரில் ஓடிய இருநூறுகள்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் ஒருவன்தான் கம்ப்யூட்டர் ஆள். பிரிண்டரில் தாள் சிக்கினாலும், முதலாளியின் செல்போனில் எழுத்து சிறிதாகிப்போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களிடம் துணி வாங்கும் பெரிய மருத்துவமனை ஒன்று, இனி போனிலோ மெயிலிலோ ஆர்டர் தரமாட்டோம், ஏபிஐ வழியாக மட்டும்தான் என்று கடிதம் அனுப்பியது. முதலாளி என்னை அழைத்தார்.

"தம்பி, ஏபிஐன்னு ஒன்னு இருக்காம்லா. நல்லதாப் பாத்து வாங்கிப் போடுங்க."

அது கடையில் விற்பதில்லை என்றேன். "இதுவரைக்கும் அங்கிருந்து ஆள் போன் பண்ணுவாங்க, நம்ம ஆள் எழுதிக்கிடுவாங்க. இனிமே அவிய கம்ப்யூட்டர் நம்ம கம்ப்யூட்டர்ட்ட நேராக் கேக்கும். எப்படிக் கேக்கணும், எப்படிப் பதில் சொல்லணும்னு ரெண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வச்சுக்கிடுறதுதான் ஏபிஐ. செல்போன்ல பஸ் டிக்கெட் எடுக்குறது, கேஸ் சிலிண்டர் பதியிறது எல்லாம் இப்படித்தான் நடக்கு."

"சரி, அது எங்க இருக்கும்?"

"கண்ணுக்குத் தெரியாது."

அவர் முகம் சுருங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சந்தனம் வைப்பது? அவர் மனம் நோகக்கூடாதென்று அலுவலகச் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டி, மருத்துவமனையின் கம்ப்யூட்டர் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி ஓடும்படி செய்தேன். வரியில் நேரம் இருக்கும். பக்கத்தில் இருநூறு என்ற எண் இருக்கும். கேட்டது புரிந்தது, பதில் போய்விட்டது என்பதற்கான குறியீடு அது. டிவிக்குச் சந்தனம் வைத்தார்கள். எலுமிச்சம்பழமும் நசுக்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து, வந்திருந்த சம்பந்தியிடம் முதலாளி டிவியைக் காட்டிச் சொல்வது காதில் விழுந்தது. "ஒவ்வொரு ஆர்டரும் எரநூறு கட்டு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. மெஷின்னா அப்படித்தான்."

அப்போதே திருத்தியிருக்க வேண்டும். அடுத்த வாக்கியத்தில் அவர் என்னைச் சுட்டி, "எல்லாம் இந்தத் தம்பி மூளை" என்றார். நான் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டேன். அதனால் கேடு ஒன்றும் வரவில்லை. உண்மையான ஆர்டர் தனியே தாளில் அச்சாகி, துணி அனுப்பும் பகுதியைப் பார்த்துக்கொண்ட மம்சாபுரத்து அக்காவிடம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு, நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புதுமனை புகுவிழாவில் பந்திக்கு உட்கார்ந்திருந்தபோது முதலாளி போன் செய்தார். குரலில் கொண்டாட்டம்.

"தம்பி, நானூத்தி நாலு வருது. ஒரே நாள்ல ரெட்டிப்பு."

நானூற்று நான்கு என்றால், கேட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பொருள். மருத்துவமனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தாங்கள் கேட்கும் முகவரியை மாற்றியிருந்தார்கள். இலையை மூடிவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் லேப்டாப்பைத் திறந்து அவசரமாக ஒரு திருத்தம் போட்டேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் போன்.

"ஐநூறு. எல்லாருக்கும் பால்கோவா வாங்கிட்டு வந்துருங்க."

ஐநூறு என்றால் எங்கள் பக்கமே மொத்தமாகப் படுத்துவிட்டது. படுக்கவைத்தது என் திருத்தம்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அங்கே வெட்டும் மெஷின்கள் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. "தாள் ஒன்னும் வரலையே முதலாளி" என்று அக்கா கேட்டிருக்கிறார். "தாள் பொறவு வரும், டிவியில வந்துட்டுல்ல, வெட்டு" என்று பதில் வந்திருக்கிறது. யாரும் கேட்காத அளவில் துணி மலையாகக் குவிந்திருந்தது. வெட்டிய பேண்டேஜை ஒட்ட வழியில்லை.

முதலாளியிடம் எண்களின் பொருளைச் சொன்னேன். அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் தப்பாச் சொல்லுதேன்னு ஒமக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லயிருந்தே."

அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

நான் என் திருத்தத்தை எடுத்து எங்கள் பக்கத்தை எழுப்புவதற்குள் மருத்துவமனையின் கம்ப்யூட்டர், பதில் சொல்லாதவர்கள் பட்டியலில் எங்களைச் சேர்த்துவிட்டது. முறையிடுவதற்கும் ஏபிஐதான். நான் அனுப்பிய விளக்கங்களுக்கெல்லாம் 'பெறப்பட்டது' என்று ஒரே பதில் வந்தது. இரண்டு நாள் இப்படியே போனபின், அக்கா தன் பழைய நோட்டைப் புரட்டி, அந்த மருத்துவமனை ஸ்டோர்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, நல்லாருக்கீயளா? ஒங்க துணி ஏன் வரலைன்னு பாத்தீயளா?"

அந்த மனிதரும் இரண்டு நாளாகத் துணி இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தாராம். புது முகவரியை விசாரித்துச் சொன்னார். தன் மேலதிகாரியிடம் பேசிப் பட்டியலிலிருந்தும் எங்களை எடுக்கவைத்தார். பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது.

மறுவாரம் மருத்துவமனையிலிருந்து தானாக உருவான மெயில் ஒன்று வந்தது. மனிதத் தலையீடு எதுவும் இன்றி இணைப்பு சீரானதற்கு நன்றி என்றிருந்தது. அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"தலையீடுன்னா என்னது தம்பி?"

"நீங்க போன் பண்ணீங்கல்ல, அதுதான்."

"அப்ப நன்றி வந்து சேந்துட்டுன்னு அந்த அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருதேன்" என்று அக்கா நோட்டை எடுத்தார்.