பிரித்தெடுத்தவர் என்ற கட்டம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் முதல் வாசல் காவலாளி வரை அவளைச் சோடாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைச் சோடா ஆலையின் கழிவுக் குட்டையில் முழங்கால் வரை இறங்கிச் சேறு அள்ளி வந்தவள் அவள். கையெல்லாம் வெந்து தோல் உரிந்தது. வேறெந்தக் கிருமியும் தாங்காத அந்தக் காரத்திலேயே செழித்து வளரும் ஒரு பாக்டீரியாவைச் சேற்றிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தாள். பத்தொன்பது வருட வேலையில் அவள் வாய்விட்டுப் பெருமைப்பட்டது அதற்கு மட்டும்தான்.

சோதித்துப் பார்த்ததில் அது இதுவரை தெரிந்த எந்தக் கிருமிப் பேரினத்திலும் அடங்கவில்லை. புதுப் பேரினம்! பேராசிரியர் உடனே எங்கள் நிறுவன இயக்குநரின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் என்று ஐந்து பேர். அதில் இரண்டு பேர் அந்தக் குட்டையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. சோடாம்மா பெயர் இல்லை.

கண்ணாடிச் சாமான் கழுவுகிற எனக்கே வயிறு எரிந்தது.

"ஏன்க்கா, கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன்டி. டெக்னீஷியன் பேரெல்லாம் போடற வழக்கம் இல்லம்மான்னுட்டாரு."

வழக்கமாம், மண்ணாங்கட்டி! இன்னொரு வழக்கமும் இருக்கிறது. இரண்டு நாடுகளிலுள்ள சேமிப்பகங்களில் உயிருள்ள கிருமியை ஒப்படைத்துச் சான்று வாங்காவிட்டால் புதுப் பெயர் செல்லாது. சோடாம்மாவைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று பேராசிரியர் கிருமியை வளர்க்கும் ஊட்டக்கூழைத் தானே தயாரித்தார். சோடாவையும் சர்க்கரையையும் ஒன்றாக வேகவைத்தார். கூழ் கருகிப்போனது. சரி, சோடாவே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வெறும் கூழில் கிருமியைப் போட்டு அனுப்பிவிட்டார் அந்த மேதை! இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது: வளரவில்லை, உயிருள்ளதை அனுப்புங்கள்.

சோடாவைத் தனியாக வேகவைத்து, ஆறிய பிறகு கலந்து, மாதாமாதம் புதுச் சோதனைக் குழாய்க்கு மாற்றி அதை உயிரோடு வைத்திருந்தவள் சோடாம்மாதான். பேராசிரியர் சேமிப்பகப் படிவத்தோடு அவள் மேஜைக்கே வந்து நின்றார்.

"அந்தக் குழாய கொஞ்சம் குடுங்கம்மா. அவசரம்."

அவள் படிவத்தை வாங்கிப் படித்தாள். 'பிரித்தெடுத்தவர்' என்ற கட்டத்தில் அவர் பெயர் இருந்தது.

"இது யாரு சார் பிரிச்சது?"

"அட, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"சும்மாதானே? அப்ப என் பேர எழுத உங்களுக்கு எங்க வலிக்குது?"

அவர் முகம் கடுத்தது. "விளையாடாதீங்க. இது இன்ஸ்டிட்யூட் சொத்து."

"அப்ப நீங்களே வளர்த்துக்குங்க சார்" என்று அவள் குளிர்பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். அவள் வேலை போய்விடும் என்று எனக்குப் பயம்.

உயிருள்ள கிருமி வேறெங்கும் இல்லை; அவர் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பேரு... என்னம்மா?"

"பத்தொன்பது வருஷம் சார்!" என்று கத்தியது நான்தான். அவள் பேனாவைப் பிடுங்கி, தாள் கிழிகிற அழுத்தத்தில் தானே எழுதினாள்.