கூடை பதினாலு, ஆள் ஒன்று

பாலக்கோடு சந்தையில் மாதேஸ்வரனை எல்லோரும் மாது என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடையில் யாராவது அவனுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டால் அவன் முகம் சுருங்கிப்போகும். தன் டீக்குத் தனியாகக் காசு வைத்துவிட்டுத்தான் நகர்வான்.

"டேய் மாது, உங் கல்யாணத்துலயாச்சும் மொய் வாங்குனியா, இல்ல அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டியா?" என்று மண்டி ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

"வாங்குனேன். உம் பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு பங்கா வெக்கறேன். மொதல்ல மாப்பிள்ளையப் பாரு!"

அதைக் கேட்டு முதலில் சிரிப்பவர் அவன் அண்ணன் முனியப்பன். அதே சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அப்பா செத்தபோது அவருக்குப் பதினாலு வயது, மாதுவுக்கு ஆறு. அதோடு முனியப்பன் படிப்பை நிறுத்தினார். அன்று தலையில் ஏறிய சுமை உச்சி மயிரைத் தேய்த்து வழுக்கையாக்கிவிட்டது. தம்பி தலையில் ஒரு கூடைகூட ஏறக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எட்டாவது வரை படிக்க வைத்தார். 1966-ல் மாது மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி பிடித்து, லாரியில் பெங்களூருக்குக் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தான். அடையாளத்துக்கு ஒவ்வொரு கூடை விளிம்பிலும் நீலப் பெயிண்டில் ஒரு வளையம் போட்டிருப்பான். அந்தக் கூடைகளை லாரியில் ஏற்ற முனியப்பன் வேறு யாரையும் விடமாட்டார். "எந் தம்பி யாவாரிங்க" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

லாரி ஆபீசில் ஆளுக்கும் கூடைக்கும் காசு கட்டியதும் தரும் துண்டுச் சீட்டை மாது ஒவ்வொரு தடவையும் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவான். அவன் எதையும் தொலைத்துவிடுவான். முனியப்பன் எதையும் தொலைத்ததில்லை.

1971 ஆகஸ்டு 25, புதன்கிழமை, மாலை நான்கு மணிக்கு அப்படித்தான் ஏறினான். "அண்ணா, இத வெச்சிரு. நாளைக்கு மத்தியானம் வந்துருவேன்" என்றான். சீட்டில் எழுதியிருந்தது: தக்காளி கூடை பதினாலு, ஆள் ஒன்று.

ராயக்கோட்டை தாண்டி ஒரு வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. லாரி கவிழ்ந்தது. கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்த மாது அவற்றுக்கு அடியிலேயே செத்துக் கிடந்தான். வயது இருபத்தெட்டு. மனைவி ராணியம்மாளுக்கு இருபத்திரண்டு. நான்கு வயதிலும் ஒன்றரை வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள்.

நஷ்டஈடு கேட்டு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஐந்தாவது மாதம் முனியப்பன் ராணியம்மாளைக் கூட்டிக்கொண்டு வக்கீல் பச்சியப்பனைப் பார்க்கப் போனார்.

"சம்சாரம், புள்ளைங்க, பெத்தவங்க. இவங்கதான் கேக்கலாம். அண்ணனுக்கு இதுல பங்கு கெடையாதுங்க" என்றார் வக்கீல்.

"எனக்கெதுக்குங்க? எந் தம்பி புள்ளைங்களுக்குக் கெடைச்சாப் போதும்."

"அப்ப நல்லாக் கேட்டுக்கங்க. லாரிக்காரர் மேல தீர்ப்பு வாங்கிப் பிரயோசனம் இல்ல. அந்த லாரியே கடன்ல ஓடுது. இன்சூரன்ஸ் கம்பெனி தரணும். சாமான் லாரியில காசு குடுத்து ஆளு ஏறுனா அது பர்மிட்டுக்கு விரோதம்னு கம்பெனி ஒதுங்கிக்கும். ஓசியில ஏறுனா எங்களுக்குப் பொறுப்பே இல்லம்பாங்க. லாரிக்காரர் கூலிக்கு வெச்ச ஆளுன்னா மட்டும் தந்தாகணும்."

"அதனால?"

"உங்க தம்பி அன்னிக்கு ஏத்தி எறக்கற கூலியாப் போனாருன்னு சொல்லணும். லாரிக்காரரும் ஒத்துக்கிட்டாரு. அனுப்பி வெச்சது நீங்க, நீங்கதான் சாட்சி."

"அவன் யாவாரிங்க" என்றார் முனியப்பன்.

"யாவாரி பொண்டாட்டிக்கு ஒரு பைசா வராதுங்க. கூலிக்காரன் பொண்டாட்டிக்கு வரும்."

ராணியம்மாள் இடுப்பில் இருந்த குழந்தையை மாற்றிக்கொண்டு, "மாமா, அவரு இருந்தா கோவிச்சுக்குவாரு. இல்லையே" என்றாள்.

அவர் தலையாட்டினார். மாது காசு கட்டிப் போனதைக் காட்டும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னார் வக்கீல். அதற்கும் தலையாட்டினார். ஆனால் கிழிக்கவில்லை. தம்பி கடைசியாகக் கையில் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.

1973 மார்ச்சில் சேலத்தில் விசாரணை. கோர்ட்டுக்குப் போகிற அன்று சீட்டைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். தம்பியும் கூட வருகிற மாதிரி இருந்தது. கூண்டில் ஏறி, தம்பி அன்று லாரிக்குக் கூலியாகப் போனான், மூன்று ரூபாய் சம்பளம் என்று சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"கூலின்னு லாரி ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்காங்களா?"

"இல்லீங்க."

"அன்னிக்குக் கூடை ஏத்துனது யாரு?"

"நான்தாங்க."

"கூலி உங்க தம்பின்னீங்க, ஏத்துனது நீங்களா?"

முனியப்பன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, விடுங்க. உங்க தம்பி கூலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. டிரைவரைக் கெஞ்சி ஓசியில தொத்திக்கிட்டுப் போனவரு. அடிக்கடி அப்படிப் போறவருன்னு சொல்றேன். சரியா?"

"இல்லீங்க."

"பஸ்ஸுக்குக் காசு குடுக்க மனசு வராம, ஓசியில..."

கூலி என்ற சொல்லை அவர் விழுங்கிவிட்டார். அது அவருடைய சொல், இருபது வருடத்துக்கு மேலாய் அவர் சுமந்தது. ஓசி என்ற சொல்லை விழுங்க முடியவில்லை.

"எந் தம்பி யாருகிட்டயும் ஓசி டீ குடிச்சவன் இல்லீங்க!" கை தானாக உள்பைக்குப் போயிற்று. "இந்தாங்க, பாருங்க. ஆள் ஒண்ணு, மூணு ரூவா. கூடைக்கு வேற தனியா. அவன் காசு குடுத்துப் போன யாவாரி!"

வக்கீல் பச்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எதிர் வக்கீல் சீட்டை வாங்கி, இரண்டு தடவை படித்து, ஜட்ஜிடம் மரியாதையாக நீட்டினார். "வேற கேள்வி இல்லைங்க" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் ராணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை வக்கீல்தான் சொன்னார். அவள் முனியப்பனைத் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "பஸ் போயிரும், வாங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

ஜூனில் தீர்ப்பு வந்தது. ஆறாயிரம் ரூபாய், லாரிக்காரர் தர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. கடன் கொடுத்தவர்கள் அதற்குள் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லாரிக்காரர் பெயரில் ஒரு குழி நிலம்கூட இல்லை. முனியப்பன் இரண்டு வருடம் அலைந்தார். தீர்ப்பு நகலை மடிப்புக் கலையாமல் தகரப் பெட்டியில் வைத்தார். சீட்டு கோர்ட்டிலேயே தங்கிவிட்டது.

ராணியம்மாள் மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் வேலைக்கு வந்தாள். சின்னதுக்குக் காய்ச்சல் மேல் காய்ச்சல். அந்தக் கூலி போதவில்லை. 1975 மாசியில் ஒருநாள் அவரிடம் வந்து நின்றாள்.

"செமக்கறவங்களுக்கு ரெண்டு ரூவா சேத்தித் தர்றாங்களாம். மேஸ்திரிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும், மாமா."

"உன்னால முடியாது ராணியம்மா."

"முடியறதையா இத்தன நாளு செஞ்சிக்கிட்டு இருக்கறேன்?"

அவர் கூட்டிக்கொண்டு போனார். மேஸ்திரி ஊருக்குப் புதியவர். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருய்யா இது?"

"எந் தம்பி சம்சாரங்க. யாவாரி மாதேஸ்வரன் சம்சாரம்."

"யாவாரி பொண்டாட்டிக்கு இங்க என்னய்யா வேல?" மேஸ்திரி சிரித்தார். சுற்றி நின்ற ஆட்கள் சிரிக்கவில்லை.

முனியப்பன் தன் தலைத்துண்டை அவிழ்த்தார். அதைச் சும்மாடாகச் சுற்றி அவள் தலையில் வைத்தார். கழுத்தை நேராக வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு குனிந்து, ஒரு கூடையைத் தூக்கி அதன்மேல் ஏற்றினார்.