அடிக்குறிப்பு சாரும் அந்த ஒரு வரியும்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு’. சாப்பிட்டீர்களா சார் என்று கேட்டால்கூட, ஆமாம் என்று சொல்லிவிட்டு அதற்கொரு விளக்கமும் சேர்ப்பார். பல்கலைக்கழகத்தில் பழங்காலத் தத்துவம் அவர் பாடம். அதைக் கரைத்துக் குடித்தவர் என்று அடுத்தவர் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் பிழைப்பு ஒரே ஒரு பழைய ஞானியை நம்பி ஓடியது. அந்த ஞானி எழுதியதில் சில பக்கங்களே மிச்சம். அதில் ஒரு வரி: ‘துயரம் என்பது தப்புக் கணக்கு, அறிந்தவன் அழமாட்டான்.’ முனைவர் பட்டம், புத்தகம், பேராசிரியர் பதவி எல்லாம் அந்த வரி போட்ட சோறு.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரே மகன் காய்ச்சலில் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையிலடித்துக்கொண்டு அழுத மனைவியிடமும் மனுஷன் அதையே சொன்னார்.

“அழாதே. அழுறது தப்புக் கணக்கு. பெரியவங்க யோசிச்சுச் சொன்னது.”

இவ்வளவு படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். அழுகை முட்டும்போதெல்லாம் தண்ணீரைக் குடித்து விழுங்கினாள். அவரோ அதைத் தன் தத்துவத்தின் வெற்றி என்று நினைத்தார். அவரை என்னவென்று சொல்வது!

ஓய்வுபெறும் வருடம், தூரதேசத்து நூலகம் ஒன்று அதே நூலின் இன்னும் பழைய கையெழுத்துப் பிரதியைப் படமெடுத்து அனுப்பியது. துறை அறைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த வரி நூலுக்குள் இல்லை; பக்கத்தின் ஓரத்தில், வேறொரு கையெழுத்தில், பொடிப்பொடியாக இருந்தது. படியெடுத்த எவனோ தனக்குத் தோன்றியதைக் கிறுக்கியிருக்கிறான். அடுத்து வந்தவன் அதையும் நூலென்று எண்ணி உள்ளே சேர்த்துவிட்டான். இப்படி நடக்கும், ஜாக்கிரதை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பவர் அவர். ஊருக்குத்தான் உபதேசம்.

புத்தகம் போனால் போகட்டும். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டில் அவள் தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காராமலே சொன்னார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல? அது அந்தப் பெரியவர் சொன்னதே இல்ல. யாரோ ஓரத்துல எழுதி வச்சது. நான்தான் சரியாப் பாக்காம உன்ன அழவிடாமப் பண்ணிட்டேன்.”

மெஷின் நின்றது.

“அப்ப நான் அழுதிருக்கலாமா?”

“அழுதிருக்கலாம்.”

மடியிலிருந்த துணியை எடுத்து வைத்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“அவன் முகத்த நெனச்சுப் பாத்தேங்க,” என்றாள். “அழுக வர மாட்டேங்குது.”