கேட்கிற கட்டளைகள்

எனக்குப் பொறுமை கிடையாது. எக்ஸ்ரே அறையில் இத்தனை வருஷமாக மற்றவர்களை "மூச்ச இழுங்க, புடிங்க, விடுங்க" என்று ஏவி ஏவி எனக்கே மூச்சுப் பிடிக்கத் தெரியாமல் போய்விட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள். கடையில் எனக்கு முன்னால் நிற்பவர் சில்லறை தேடினால்கூட எனக்குக் கை துறுதுறுக்கும். அப்படிப்பட்ட நான், ஒரு மத்தியானம், கணினிகளைப் பார்த்துக்கொள்கிற எங்கள் ஐடி மிஸ்ஸின் நாற்காலிக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். முழுக்க மூடினேன் என்று சொல்ல முடியாது, ஆனால் என் தரத்துக்கு அது பெரிய சாதனை.

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிலிம் நின்று போய் சில வருஷமாகிறது. படம் எடுத்தால் அது நேரே கணினிக்குப் போய்விடும். என் மேசையில் இருக்கிற கணினிதான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது வெறும் ஜன்னல். படங்களைக் கேட்டு வாங்கித் தருவது கீழ்த்தளத்தில் இருக்கிற சர்வர். அந்தச் சர்வரும் படங்களைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. அதற்குக் கீழே, வரிசையாக டிஸ்க்குகள் செருகிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதை ஸ்டோரேஜ் என்பார்கள். நோயாளிகளின் நெஞ்சும் முதுகும் முழங்காலும் எல்லாம் அதற்குள்தான்.

அன்று கண்டியிலிருந்து நெஞ்சு டொக்டர் வருகிற நாள். கிழமைக்கு ஒரு தடவை வருவார், மூடுபனி இறங்குவதற்குள் கிளம்பிவிடுவார். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா இருமலோடு வந்திருந்தார். காலையில் நான்தான் படம் எடுத்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் காசளவு ஒரு நிழல்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். இந்த நிழல் முன்பே இருந்து, இதே அளவில் இருந்தால், அது எப்போதோ வந்து ஆறிய பழைய தழும்பு, பயமில்லை. புதிதாக வந்திருந்தால் கண்டியில் சேர்த்து, நெஞ்சில் ஊசி விட்டுத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு ஒப்பரேஷன்கூட வரலாம். பழைய படம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன். போன வருஷம் நான்தான் எடுத்தேன். இந்த அம்மா கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே வந்தவர், இடுப்பில் கட்டியிருந்த படங்கை, அந்த முரட்டுச் சாக்குத் துணியை, அவிழ்க்கமாட்டேன் என்று என்னோடு மல்லுக்கு நின்றார். மறக்கவா முடியும்?

அந்த அம்மா என்னிடம் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. கண்டியில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று மட்டும் கேட்டார். புருஷன் இல்லை. மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். தாய் நோயில் விழுந்து வேலைக்குப் போகாவிட்டால் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புவதென்று பேசி முடித்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவார்களாம். "உடுப்பெல்லாம் பேக்ல வச்சாச்சுங்க ஐயா" என்றார், ஏதோ உறவுக்காரர் வீட்டுக்கு விருந்து போகிற மாதிரி.

நான் பழைய படத்தைக் கூப்பிட்டேன். வரவில்லை. வேறு ஒருவருடைய படத்தைக் கூப்பிட்டேன். அதுவும் இல்லை. காலையில் எடுத்தது மட்டும் எக்ஸ்ரே இயந்திரத்திலேயே இருந்தது. முதல்நாள் மாலை அடித்த இடியும் மின்னலும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வார்டைச் சுற்றிவிட்டு வருகிறேன், அதற்குள் படம் கிடைக்காவிட்டால் நாளைக்கே கண்டிக்கு அனுப்பத்தான் வேண்டும், சந்தேகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு விடமாட்டேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, மின்னல்மேல் கோபப்பட முடியாதே.

கீழே ஓடினேன். ஐடி மிஸ் வட்டவளைக்காரி. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்து, கம்பஸ் போய்ப் பட்டம் வாங்கி வந்தவள். அடக்கம் ஒடுக்கம் என்று அவளைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். நிர்வாகியிடமே, "இது எனக்குத் தெரியாது, பாத்துட்டு சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள். தெரியாது என்ற சொல்லை அவ்வளவு கம்பீரமாகச் சொல்கிற வேறு ஆளை நான் கண்டதில்லை.

அவள் முன்னால் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. பக்கத்தில் கடித்து வைத்த ரொட்டி. படமோ பட்டனோ எதுவும் இல்லாத திரை அது. ஸ்டோரேஜ் பெட்டியோடு எழுத்தில்தான் பேச வேண்டும், ஒவ்வொரு கட்டளையாகத் தட்ட வேண்டும். போன் ஸ்பீக்கரில் கொழும்பிலிருந்து, பெட்டியை விற்ற கம்பெனியின் இஞ்சினியர். நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். அவள் அனுப்பிய போட்டோவில் ஒரு டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறார். சர்வருக்கும் டிஸ்க் எதுவும் தெரியவில்லை. ஆகவே படங்கள் இருந்த வால்யூம், அதாவது பெட்டிக்குள் படங்களுக்கென்று ஒதுக்கிய இடம், மின்னலில் கெட்டுப்போயிருக்கும் என்பது அவருடைய முடிவு. அதை அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்குங்கள், பேக்கப்பிலிருந்து படங்களைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

எங்கள் பேக்கப்பின் லட்சணம் அவருக்குத் தெரியாது. அது நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. புது டிஸ்க் வாங்கச் சொல்லி அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். நோர்வூட் அம்மாவின் படம் அதில் இல்லை. அழித்தால் அழித்ததுதான்.

இதையெல்லாம் கேட்டதும் நான், ஏதாவது செய், சீக்கிரம் செய் என்று படபடத்தேன். அவள் திரும்பவேயில்லை. "அண்ணே, கொஞ்சம் இருங்க. அது என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேப்போம். நாம சொல்ல வேண்டியத பெறகு சொல்லிக்கலாம்" என்றாள்.

கட்டளைகளில் இரண்டு விதம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒன்று, இருப்பதைக் காட்டு என்று கேட்பது. அதனால் எதுவும் மாறாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். இன்னொன்று, இதைச் செய் என்று ஏவுவது. தட்டிய பிறகு கையை உதறிப் பிரயோசனமில்லை. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தாள். நானாக இருந்தால் முதல் நிமிஷத்திலேயே எதையாவது ஏவியிருப்பேன்.

முதலில் அந்த மஞ்சள் விளக்கைப் பற்றிக் கேட்டாள். ஒரு டிஸ்க் செத்திருந்தது உண்மைதான். ஆனால் வால்யூம் உயிரோடு இருப்பதாகப் பெட்டி பதில் சொன்னது. தோட்டத்தில் ஒரு ஆள் வேலைக்கு வராவிட்டால் அவளுடைய தேயிலை நிரையையும் பக்கத்து நிரைக்காரிகள் சேர்த்துப் பறிக்கிற மாதிரி, மற்ற டிஸ்க்குகள் அதன் பங்கைச் சுமந்துகொண்டிருந்தன. அப்படியானால் படங்கள் பத்திரம். பிறகு ஏன் சர்வருக்குத் தெரியவில்லை?

அடுத்து, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டாள். சர்வரில் செருகிய இரண்டு கார்ட் வழியாகப் பெட்டிக்கு இரண்டு கேபிள் போகிறது. ஒவ்வொரு கார்டுக்கும் நீளமான ஒரு எண் உண்டு, பெட்டி அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். திரையில் ஒரே ஒரு எண்தான் வந்தது. அது எந்தக் கார்ட் என்று பார்க்க என்னைச் சர்வருக்குப் பின்னால் அனுப்பினாள். நான் டோர்ச்சும் கண்ணாடியுமாகக் குனிந்து, ஒட்டியிருந்த சீட்டை எழுத்தெழுத்தாக வாசித்தேன். இடது வலது மாறாமல் படத்தில் குறி போடுகிறவன் நான், அதனால் அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

அது போன கிழமை மாற்றிய புதுக் கார்ட். முதல் கார்ட் போன கிழமை இடியில் கருகியபோது அவள் லீவில் இருந்தாள். எங்கள் எலக்ட்ரீசியன்தான் புதியதைப் போட்டிருந்தான். இரண்டாவது கார்ட் நல்லபடியாக இருந்ததால் வேலை தடையில்லாமல் நடந்தது, யாரும் எதையும் கவனிக்கவில்லை. நேற்று மாலை அந்த இரண்டாவதும் போய்விட்டது. இப்போது புதியது மட்டும் தனியாக வாசலில் நிற்கிறது, பெட்டி அதற்கு எதையும் கொடுக்கவில்லை.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டாள். அவனும் தோட்டத்துப் பையன்தான், பயந்துகொண்டே வந்தான். புதுக் கார்டின் எண்ணைப் பெட்டியில் சேர்த்தாயா என்று கேட்டாள். சேர்த்தேன், புதுப் பெயர் ஒன்று உண்டாக்கி அதில் பதிந்தேன் என்றான். அந்தப் பெயருக்கு வால்யூமைக் கொடுத்தாயா என்றாள்.

"பேரு பதிஞ்சாச்சுன்னா வேலை தானா வந்துரும்னு நெனச்சேங்க மிஸ்" என்றான்.

தோட்டத்தில் அப்படித்தான். ஒப்பீசில் பெயர் பதிந்துவிட்டால் மறுநாள் காலைப் பெரட்டில், அந்த ஆள்கூப்பிடும் இடத்தில், கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டு இன்ன மலைக்குப் போ என்று சொல்லிவிடுவார். வேலைக்காகத் தனியாகப் போய் நிற்க வேண்டியதில்லை. கொழும்பில் பிறந்த எவனுக்கும் இந்தத் தவறு செய்ய வந்திருக்காது. எனக்கு நாக்கு நுனிவரை வசவு வந்துவிட்டது. அவள் சிரித்தாள். "எங்கம்மாவா இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாங்க. இதுல பேரு வேற, வேலை வேற. உக்காந்து பாருங்க" என்று அவனுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒரு மனிதனைச் சிறுமைப்படுத்தாமல் அவனுடைய பிழையைக் காட்ட முடியும் என்பதை நான் அத்தனை வயதான பிறகு, அந்தக் குளிர் அறையில் பார்த்தேன். எனக்குச் சத்தியமாக அது வராது.

இப்போது ஏவ வேண்டிய நேரம். புதுக் கார்டை, பெட்டியில் சர்வருக்கு இருந்த பழைய பெயருக்குக் கீழ் கொண்டுவர வேண்டும், வால்யூம் அந்தப் பெயருக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. தட்டினாள். பெட்டி மறுத்துவிட்டது, அந்த எண் ஏற்கெனவே வேறு பெயரில் இருக்கிறதாம். அப்படியானால் எலக்ட்ரீசியன் உண்டாக்கிய புதுப் பெயரை முதலில் அழிக்க வேண்டும். அழிக்கிற கட்டளையை எழுதினாள், எழுதிவிட்டுக் கையை எடுத்தாள். கொழும்பு இஞ்சினியரிடம் நடந்ததையெல்லாம் சிங்களத்தில் சொல்லி, திரையில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினாள். கொஞ்சம் முன்புதான் அவர் சொன்னதைச் செய்யாமல் நிறுத்தி வைத்தவள், இப்போது அவரையே சாட்சிக்கு வைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, சரியாக இருக்கிறது, அழிவது பெயர் மட்டும்தான், வால்யூம் அல்ல, செய்யுங்கள் என்றார். வால்யூமை அழிக்கச் சொன்னதற்கு வருத்தமும் தெரிவித்தார். நான் அவரையும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அவள் தட்டினாள். பெட்டி ஏற்றுக்கொண்டது. கார்டைப் பழைய பெயரில் சேர்த்தாள். அதையும் ஏற்றுக்கொண்டது. சர்வரின் திரையைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

அங்கேதான் நான் உடைந்தேன். போச்சு, எல்லாம் போச்சு, மேலே டொக்டர் கிளம்பப் போகிறார், அந்தப் பிள்ளையைக் கொழும்புக்கு ஏற்றப் போகிறார்கள் என்று கத்திவிட்டேன். எந்தப் பிள்ளை என்று அவள் கேட்டாள். அதுவரை நான் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் மாறியது. அவளோடு படித்த எத்தனை பேர் அப்படிக் கொழும்புக்குப் போனார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அவசரப்படவில்லை. பெட்டி கொடுத்துவிட்டது, கொடுத்தது சர்வருக்கு இன்னும் தெரியாது, அதைத் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, சர்வரில் ஒரு வரி தட்டினாள். படங்களின் டிஸ்க் திரையில் வந்து நின்றது.

நான் படிக்கட்டில் ஏறிய வேகத்தை இருதய டொக்டர் பார்த்திருந்தால் என்னைப் பிடித்துப் படுக்க வைத்திருப்பார். நெஞ்சு டொக்டர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார், அளந்தார், மறுபடி அளந்தார். வலது பக்கம், மேலே, காசளவு. போன வருஷமும் அதே நிழல், அதே அளவு.

பழைய தழும்பு, கண்டி வேண்டாம், இருமலுக்கு மருந்து தருகிறேன், ஆறு மாதத்தில் இன்னொரு படம் எடுத்துக்காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை, கும்பிடவுமில்லை. போன் இருக்குதா ஐயா என்று கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். மகள் எடுத்திருக்க வேண்டும். தனக்கு ஒன்றுமில்லை என்றோ, டொக்டர் என்ன சொன்னார் என்றோ எதுவும் சொல்லவில்லை.

"பாப்பா, பேக்ல இருக்கிற உடுப்ப எடுத்து மடிச்சு வையி" என்றார். "ஸ்கூல் உடுப்ப மட்டும் தொவைச்சுப் போடு."