மேடைக்குக் கீழிருந்து வந்த வசனம்

நான் மின்வேலைக்காரன். கம்பியில் கரண்ட் இருக்கும், அல்லது இருக்காது. நடுவில் எதையும் நம்பாதவன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், இது நடந்தது. 1976 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மெல்பேர்ன் டண்டினொங்கில்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஜாவுமே, ஸ்பெயினில் காத்தலோனியா பக்கத்து ஆள். அவனுடைய ஆட்கள் தங்கள் ஊர்ப் பழைய நாடகம் ஒன்றை இங்கே ஒரு மண்டபத்தில் போட்டார்கள். எனக்கு லைட் வேலை. ஊமை மகளாக நடிக்க ஆள் கிடைக்காமல் என் மனைவி கமலினியைக் கேட்டார்கள்.

"ஒண்டும் கதைக்கத் தேவையில்லையே? அப்ப ஓம்" என்றாள்.

நாடகத்தை எழுதியவர் போன நூற்றாண்டு மனிதர். நெசவாளியின் மகன். வீட்டுக்குள் பேசத்தான் லாயக்கு என்று பெரிய மனிதர்கள் ஒதுக்கிய காத்தலான் மொழியிலேயே நாற்பது நாடகம் எழுதினாராம். நடிகர்களை அவர் நம்புவதில்லை. மேடைக்குக் கீழே குழிக்குள் மெழுகுதிரியோடு இருந்து வசனத்தைத் தானே எடுத்துக்கொடுப்பார். இந்தக் கடைசி நாடகத்தின் முடிவை மட்டும் தாளில் எழுதவில்லை. அரங்கேற்றத்தன்று சொல்கிறேன் என்றார். அந்த இடம் வந்தபோது குழிக்குள்ளேயே செத்துக் கிடந்தார். அதனால் இன்றும் அந்த இடத்தில் திரையைப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் மண்டபத்தில் குழி இல்லை. மேடை முகப்பில் ஒரு சின்னப் பலகைக் கதவு இருந்தது. ஆணி அடித்து மூடியிருந்ததைக் காலையில் நானே பார்த்தேன்.

3.10. கடைசிக் காட்சி. செத்துப்போன தகப்பன் ஊமை மகளைக் கூப்பிடுகிறான். ஏணியிலிருந்து பார்த்தேன். அந்தக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது...

3.15. மெழுகுதிரி அணைந்த மணம். மண்டபத்தில் மெழுகுதிரியே இல்லை.

3.17. திரை விழ வேண்டும். கயிறு அசையவில்லை.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

கீழே யாரோ கிசுகிசுத்தார்கள்.

கமலினி வாயைத் திறந்தாள்.

அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாத காத்தலான்! தடங்கலே இல்லை. ஒரு வரி கிசுகிசுப்பு... ஒரு வரி அவள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடி வைத்து மேடை விளிம்புக்கு வந்தாள்.

ஏணியிலிருந்து குதித்தேன். ஓடினேன்.

ஸ்ஸ்... மறுபடியும்...

அவள் வாயைப் பொத்தினேன்.

டப்.

கதவு மூடிக்கொண்டது. போய்ப் பார்த்தால் ஆணிகள் அடித்தபடியே இருந்தன.

"நான் கதைச்சனானோ? உங்களுக்கு விசர்" என்று கமலினி சிரித்தாள். அவளுக்கு எதுவுமே நினைவில்லை.

ஜாவுமே நாடகத்தைக் கசட்டில் பதிவு செய்திருந்தான். இரண்டு குரலும் அதில் இருக்கின்றன. நான் பொத்தியதால் அவள் சொல்லாமல் விட்ட அந்தக் கடைசிக் கிசுகிசுப்புக்கு என்ன அர்த்தம் என்று மூன்று மாதம் அவனை நச்சரித்தேன். முகம் வெளிறச் சொன்னான்.

'அப்பா, நான் வருகிறேன். கதவைத் திற.'

கமலினியிடம் இதை நான் சொல்லவே இல்லை. சொல்லப் பயம்.

நேற்று ஞாயிறு. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். தரையையே பார்த்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். 3.17.

"இஞ்சாருங்கோ..." என்றாள். "அண்டைக்கு நான் ஒரு வரி சொல்லாமல் விட்டுட்டன், என்ன?"